ஒரு குடம் நீரும் பன்னிரண்டு பைகளும்

(வேனிற்கால இல்லத் தோட்டம் குறித்து நம் படிப்பு வட்டங்களுக்கான பாடம்)

பின்பனி கழிந்து இளவேனில் பிறக்கும் காலம் இது. வேம்பு பூக்கத் தொடங்கிவிட்டது. மாங்காய்க் கூடைகள் தெருவுக்கு வந்துவிட்டன. சித்திரை முதல் நாளில் வேப்பம்பூவும் வெல்லமும் மாங்காயும் கூடிய பச்சடியை உண்டு, இன்பமும் துன்பமும் கலந்ததே வாழ்வு என்பதை ஆண்டுதோறும் நாம் நாவினாலேயே கற்கிறோம். சுவர்க்கு வெள்ளையடித்தல், கூரை பார்த்தல், பரணைத் துப்புரவு செய்தல், கொல்லையில் நாலு விதை ஊன்றுதல் ஆகிய இல்லப் பணிகளெல்லாம் கூடி வரும் பருவமும் இதுவே.

இவற்றுள் இல்லத் தோட்டம் ஒன்றையே இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம். தோட்டம் போடுவது எப்படி என்று கூறும் நூல்கள் பல உள. ஆயினும் இராயபுரம், தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளில் வாழும் நமக்கு அவை முழுதும் பொருந்துவதில்லை. ஒரு பக்கம் கடல், மற்றொரு பக்கம் ஆலைகள், காலடியில் மணல், அதன் கீழே உப்பேறிய நீர். ஆதலால் பிறர் விதையிலிருந்து பாடத்தைத் தொடங்கலாம். நாமோ மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் தொடங்கியாக வேண்டும்.

நம் நிலத்தின் வரலாறு

திருவொற்றியூரிலுள்ள காலடிப்பேட்டையைப் பலர் அறிவர். அப்பெயரின் வரலாற்றைச் சிலரே அறிவர். 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநராயிருந்த ஜோசப் காலட் என்பவர் நெசவாளரைக் குடியேற்ற அமைத்த ஊர் அது. 'காலட் பேட்டை' என்பது மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. கைத்தறியை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் அம்மணலில் வீடு கட்டிப் பாவு நீட்டிக் கஞ்சி தோய்த்து வாழ்ந்தன. இன்று அங்கே தறியோசையைவிட லாரியோசையே மிகுதியாகக் கேட்கிறது.

தறி குறைந்த இடத்தில் ஆலை வளர்ந்தது. எண்ணூர் அனல் மின்நிலையத்தின் உலைகள் 1970 முதல் 1975 வரை ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 2017இல் அந்நிலையம் மூடப்பட்டது. அதன் வடக்கே வேறு அனல் மின்நிலையங்கள் இயங்கி வருகின்றன. இராயபுரத்து மக்கள் துறைமுகத்தின் நிலக்கரித் தூளை நெடுங்காலம் துடைத்தெடுத்தனர். நீதிமன்றத் தீர்ப்பின்படி 2011இல் நிலக்கரி இறக்கும் பணி எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாற்றப்பட்டது. இராயபுரத்துக்குச் சற்று ஆறுதல் கிட்டியது. தூள் போன இடம் வடக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் வந்தபொழுது எண்ணெய்ப் படலம் அதனுடன் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. கரையோரக் குடியிருப்புகளின் சுவர்களில் கரிய கோடு படிந்தது. மீன்பிடி வலைகளும் படகுகளும் கெட்டன.

யார் மீதும் பழி கூறுவதற்காக இவற்றை எழுதவில்லை. விதைப்பவன் தன் நிலத்தை அறிந்திருத்தல் வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

எம் இல்லத்தில் நிகழ்ந்தது

நாம் வாழும் தெரு கழிமுகத்துக்கு நெடுந்தொலைவில் இல்லை. எம் வீட்டின் பின்புறம் எட்டடி அகலமும் இருபதடி நீளமும் உடைய ஒரு துண்டு நிலம் உண்டு. எம் அன்னையார் அதிலே நாற்பது ஆண்டுகளாகக் கீரை விளைவித்து வந்தவர். நாங்கள் பள்ளிக்குச் சென்ற நாள்களில் எங்கள் இலையில் விழுந்த கீரை அந்நிலத்துக் கீரையே.

2023 டிசம்பர் வெள்ளம் அத்துண்டு நிலத்திலும் முழங்காலளவு நின்றது. நீர் வடிந்தபின் மண்ணின்மேல் எண்ணெய் மினுமினுப்பு இரண்டு வாரம் இருந்தது. பிறகு வெயிலில் மறைந்துவிட்டது. 2024 பங்குனியில் அன்னையார் வழக்கம்போல் மண்ணைக் கொத்தித் தண்டுக்கீரையும் பீன்சும் ஊன்றினார். நாமும் உடன் நின்று கொத்தினோம். அடிபம்பு நீரை அளவின்றி இறைத்தோம்.

பதினெட்டாம் நாள் பீன்சு இலைகளின் ஓரம் தீய்ந்தது. கீரையோ செழித்து வளர்ந்தது. அன்னையார் முதல் கட்டைக் கிள்ளி அடுக்களைக்குக் கொண்டுவந்து வைத்தார். எம் துணைவியார் அதைத் தொடவில்லை. இல்லத்தில் மூன்று வயதுக் குழந்தை இருந்தது.

"அத்தை, உங்கள் கையை நான் குறை சொல்லவில்லை. அந்த மண்மேல் நின்ற வெள்ளத்தைத்தான் சொல்கிறேன். பிள்ளைக்கு இதை நான் போடமாட்டேன்" என்றார் அவர்.

"நாற்பது வருஷமாக இந்த மண் சோறு போட்டிருக்கிறது, அம்மா. கீரை எவ்வளவு பச்சையாக இருக்கிறது பார்" என்றார் அன்னையார்.

இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. இரண்டு நாள் வீட்டில் பேச்சு குறைந்தது. நாமோ இருவரையும் நோகச் செய்யாமல் நழுவிக்கொண்டிருந்தோம். அது தவறு. ஐயம் எழுந்தபொழுது அதை ஆராய வேண்டியது குடும்பத்தார் அனைவரின் கடமை. ஒருவர் தலையில் அதை ஏற்றிவிட்டு ஒதுங்குதல் ஆகாது. இப்பாடம் அந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்ததே.

முதற் பாடம்: மண்

செழிப்பு தூய்மைக்குச் சான்றாகாது. இதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். செடிக்குத் தழைச்சத்தும் நீரும் கிடைத்தால் அது பச்சையாக வளரும். ஈயம் போன்ற உலோகங்கள் மண்ணில் இருப்பினும் இலை வாடிக் காட்டுவதில்லை. ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000இல்தான் முற்றும் நிறுத்தப்பட்டது. பழைய வண்ணப் பூச்சுகளிலும் ஈயம் இருந்தது. காற்றில் வந்து படிந்த ஈயம் மண்ணின் மேற்பரப்பிலேயே பல்லாண்டு தங்கும். நிலக்கரிச் சாம்பலிலும் பலவகை உலோகங்கள் சிறிதளவில் உள்ளன.

பெரியவரைவிடக் குழந்தைக்கே இதனால் தீங்கு மிகுதி. குழந்தையின் உடல் ஈயத்தை எளிதில் ஏற்கிறது. வளரும் மூளையை அது தாக்குகிறது. கீரையின் உள்ளே ஏறும் ஈயத்தைவிட, இலைமேல் ஒட்டிய புழுதியும், விளையாடிய கையோடு வாய்க்குச் செல்லும் மண்ணுமே பெரிய வழி என்பது ஆய்வாளர் கண்ட முடிவு. காய்வகைகளில் இது குறைவு. கீரையிலும் கிழங்கிலும் அதிகம்.

'மண்ணைப் பரிசோதித்துவிட்டால் போதாதோ?' என்று கேட்கலாம். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்கள் கார அமிலத் தன்மை, உப்பு, தழை மணி சாம்பற் சத்துகள் ஆகியவற்றை வழக்கமாகக் கூறும். அது மிகப் பயனுள்ளது. எனினும் எண்ணெயும் உலோகமும் பற்றிய சோதனை வேறு. அதற்குத் தனி ஆய்வுக்கூடமும் மிகுந்த பொருட்செலவும் வேண்டும். ஆதலால் நம்மனோர்க்கு ஏற்ற விதி இது: எண்ணெய் கலந்த வெள்ளம் நின்ற நிலத்திலும், சாம்பல் கொட்டி மேடாக்கிய நிலத்திலும், பெருஞ்சாலையை ஒட்டிய நிலத்திலும் உண்பொருள் விதையாதிருத்தல் நன்று. அங்கே பூச்செடி வைக்கலாம். புல்லோ கொடியோ படர்த்தி வெற்று மண் புழுதியாய்ப் பறவாமல் மூடலாம். உண்பொருளை வேறு மண்ணில், பையிலும் தொட்டியிலும் வளர்க்கலாம்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த நிலை அன்று. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் கியூபா நாட்டுக்கு எண்ணெயும் உரமும் வருவது பெரிதும் குறைந்தது. ஹவானா நகர மக்கள் பயன்படா மனைகளிலும், மண் கெட்ட இடங்களிலும் வரம்பு கட்டி, வெளியிலிருந்து கொணர்ந்த மண்ணும் மக்கிய உரமும் நிரப்பிக் கீரையும் காயும் விளைத்தனர். கெட்ட மண்ணோடு போராடாமல் அதன்மேல் நல்ல மண்ணை வைத்தனர். நம் பையும் அந்த வழியே.

இரண்டாம் பாடம்: நீர்

எம் பீன்சு இலை தீய்ந்ததற்கு எண்ணெய் காரணமன்று, உப்பே காரணம். நிலத்தடி நன்னீரை நாம் மிகுதியாக இறைத்தால் அவ்விடத்தைக் கடல்நீர் உட்புகுந்து நிரப்பும். மீஞ்சூர்ப் பகுதியில் இத்தீமை அரை நூற்றாண்டுக்கு முன்பே தோன்றிவிட்டது. அதே மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில்தான், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் ஆக்கும் நிலையம் 2010இல் தொடங்கப்பெற்றது. நிலத்தடியில் இழந்ததைக் கடலிலிருந்து விலைகொடுத்து மீட்கிறோம்.

நீரின் உப்பை அளக்க டி.டி.எஸ். மீட்டர் என்னும் பேனா போன்ற சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. நீரில் அதன் நுனியை அமிழ்த்தினால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு என்னும் எண் தெரியும். பாசன நீருக்கு உலக உணவு வேளாண்மை நிறுவனம் வகுத்த அளவு பின்வருமாறு: 450க்குக் கீழ் இருப்பின் எப்பயிர்க்கும் தடையில்லை. 450 முதல் 2,000 வரை இருப்பின் பயிரைத் தேர்ந்து விதைக்க வேண்டும். 2,000க்கு மேற்பட்டால் பெரும்பாலான காய்கறிகட்கு ஆகாது. எம் அடிபம்பு நீர் 2,400 காட்டிற்று. 'இந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது' என்று எம் துணைவியார் பன்முறை கூறியதுண்டு. கருவி வாங்கியபின் நாம் அறிந்ததை அடுக்களை முன்னமே அறிந்திருந்தது!

உப்பைத் தாங்கும் ஆற்றல் பயிர்தோறும் வேறுபடும். பீன்சு, வெங்காயம், கேரட் ஆகியவை மெல்லியன. சிறிது உப்புக்கும் வாடும். காராமணியும் பீட்ரூட்டும் ஓரளவு பொறுக்கும். தென்னை நன்கு பொறுக்கும்.

மூன்று எச்சரிக்கைகள் இங்கே கூறத்தக்கன. குடிநீர் வடிகட்டும் ஆர்.ஓ. கருவி கழித்துவிடும் நீரைச் செடிக்கு ஊற்றலாகாது. வந்த நீரின் உப்பெல்லாம் அதிலேதான் திரண்டுள்ளது. துணி துவைத்த சோப்பு நீரைக் கீரைக்கு ஊற்றலாகாது. அதைக் கல்வாழைக்கு விடலாம். அரிசி களைந்த நீரும் காய் கழுவிய நீரும் செடிக்கு நல்லவை, அவற்றை வீணாக்கலாகாது.

இனி நீர்க்கணக்கு. பதினைந்து லிட்டர் கலவை கொள்ளும் ஒரு பைக்கு, கோடையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் லிட்டர் நீர் வேண்டும். பன்னிரண்டு பைக்குப் பதினைந்து லிட்டர். அதாவது ஒரு பிளாஸ்டிக் குடம். லாரி நீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் தெருக்கள் நம் பகுதியில் உள்ளன. அங்கே ஒரு குடம் என்பது சிறு பொருளன்று. ஆதலால் முதலில் குடத்தை எண்ணுங்கள். பிறகு பையை எண்ணுங்கள். அரைக் குடமே மிஞ்சுமாயின் ஆறு பை போதும். ஆசையால் முப்பது பை வைத்து, அக்கினி நட்சத்திர நாள்களில் அத்தனையையும் காயவிடுவதிலும், ஆறு பையை நன்கு காத்தல் மேல்.

மூன்றாம் பாடம்: பையும் கலவையும்

செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, நன்கு மக்கிய உரம் ஒரு பங்கு எனக் கலத்தல் எளிய முறை. பன்னிரண்டு பைக்கு ஒவ்வொன்றிலும் நான்கு குடம் வேண்டும். ஐந்து கிலோ நார்க்கழிவுக் கட்டி ஒன்று நீரில் ஊறினால் நான்கு குடத்துக்குக் குறையாமல் உதிரும். ஆயினும் நார்க்கழிவிலும் உப்பு இருக்கலாம். எனவே நன்னீரில் ஓரிரவு ஊறவைத்து, அந்நீரை வடித்துவிட்டு, இன்னொரு முறையும் அலசிப் பிழிந்த பின்னரே கலக்க வேண்டும். செம்மண்ணை நம்பத்தக்க நாற்றுப் பண்ணையிலிருந்து வாங்குக. கட்டட வேலையில் தோண்டிய மண்ணை இலவசமெனக் கொள்ளற்க. அது எவ்விடத்து மண்ணென யாரறிவார்?

பையின் அடியில் நான்கு துளை இடவேண்டும். மேலே இரண்டு விரற்கடை வெற்றிடம் விட வேண்டும். நனைந்த பை பன்னிரண்டு முதல் பதினைந்து கிலோ எடையிருக்கும். உறுதியான கான்கிரீட் மாடியாயின், சுவரும் உத்திரமும் தாங்கும் ஓரங்களில் செங்கல் மீது வரிசையாக வைக்கலாம், நடுத்தளத்தில் குவிக்கலாகாது. மழைநீர் வடிகுழாயின் வாயை மறைக்கலாகாது. 2003இல் சட்டமாகி நம் வீடுகளில் அமைந்த மழைநீர்ச் சேமிப்புத் தொட்டி சருகும் மண்ணும் அடைத்துக் கிடக்கிறதா என்பதையும் இப்பருவத்திலேயே பாருங்கள். பத்துச் சதுர மீட்டர் மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் நூறு லிட்டர் நீர்; அது நிலத்தில் இறங்கினால் உப்பைச் சிறிதேனும் பின்தள்ளும்.

கல்நார்த் தகட்டுக் கூரையின் கீழ் வாழ்வோர் நம்முள் பலர். அக்கூரைமீது ஏறவும் வேண்டா. பை ஏற்றவும் வேண்டா. வெள்ளையடிக்கும் ஆர்வத்தில் அதைச் சுரண்டித் தேய்க்கவும் வேண்டா. அதிலிருந்து பறக்கும் நுண்ணிழை நுரையீரலுக்குக் கேடு. அத்தகையோர் வாயிலோரத்திலும் சந்தின் சுவரோரத்திலும் பை வைத்து, தனியாகக் கழி நட்டுப் பீர்க்கையோ பாகலையோ பந்தலேற்றலாம். சுவருக்கு நிழலும் கிட்டும், காயும் கிட்டும்.

நான்காம் பாடம்: பயிர்

ஐவர் கொண்ட குடும்பத்துக்கு நாம் பரிந்துரைக்கும் பங்கீடு: வெண்டை நான்கு பை, கத்தரி இரண்டு, காராமணி இரண்டு, தண்டுக்கீரையோ சிறுகீரையோ இரண்டு, மிளகாய் ஒன்று, கொடிப்பசலை ஒன்று. வெண்டையைப் பங்குனி முதல் வாரத்தில் நேரே ஊன்றினால் ஒரு வாரத்தில் முளைக்கும். ஏறத்தாழ நாற்பத்தைந்தாம் நாளில், அதாவது சித்திரைப் பிற்பகுதியில், முதற்காய் பறிக்கலாம். கத்தரியும் மிளகாயும் மாசியில் நாற்றுவிட்டு முப்பது முப்பத்தைந்து நாளில் எடுத்து நடவேண்டும். கீரைப் பை இரண்டையும் ஒரே நாளில் விதைக்காமல் பத்து நாள் இடைவெளி விட்டு விதைத்தால் அடுக்களைக்கு இடையறாது கிடைக்கும்.

வெண்டையிலையில் நரம்பு மஞ்சளாகிப் பின்னலிட்டாற்போல் தோன்றினால் அது வெள்ளை ஈ பரப்பும் நோய், மருந்தில்லை. இரக்கம் பாராமல் அச்செடியைப் பிடுங்குக. மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்பும் கரைத்து மாலையில் தெளிக்கலாம்.

பறித்த கீரையை ஓடும் நீரிலோ மூன்று முறை மாற்றிய நீரிலோ அலசுதல் நம் பகுதியில் கட்டாயம். சமைத்தாலும் புழுதியிலுள்ள உலோகம் அழியாது என்பதை நினைவிற் கொள்க.

ஐந்தாம் பாடம்: நூலும் துணியும்

இங்கே நெசவாளர் கைப்பொருள் உதவும். நண்பகலுக்குச் சற்று முன்னிருந்து மாலை மூன்றரை வரை கீரைப் பைகளுக்கு நிழல் வேண்டும். பழைய வெள்ளை வேட்டி ஒன்றை நான்கு கழியிற் கட்டினால் போதும். நண்பகலில் கிழக்கிலிருந்து எழும் கடற்காற்று உப்புத் துளியைக் கொணர்ந்து இலையில் படிய வைக்கும். அப்பக்கம் ஒரு துணித் தட்டி கட்டி, மாலையில் இலைமேல் சிறிது நன்னீர் தெளித்துக் கழுவுக.

ஊருக்குச் செல்லும் இரண்டு மூன்று நாளுக்குத் திரிப்பாசனம் நல்ல உபாயம். பருத்தி நூலை விரற்கனத் திரியாக முறுக்கி, ஒரு நுனியை நீர்ப்பாத்திரத்திலும் மறுநுனியைப் பையின் மண்ணில் நாலு விரல் ஆழத்திலும் புதைத்தால், நூல் நீரை ஏற்றி மண்ணுக்குச் சிறிது சிறிதாக அளிக்கும். பாத்திரம் பையின் மண்மட்டத்துக்கு மிகத் தாழ்வாக இருத்தலாகாது. சாயமிடாத நூலே வேண்டும். ஆனால் பாவிலிருந்து எடுத்த பச்சை நூல் நீரை உறிஞ்சாது; இயற்கை மெழுகு அதைத் தடுக்கும். சாயமேற்றுமுன் சலவைச் சோடா இட்டு நூலை வேகவைக்கும் முறையை நம் நெசவாளர் அறிவர். அவ்வாறே வேகவைத்து அலசிய நூலைத் திரியாக்குக. பாத்திரத்தின் வாயைத் துணியால் இறுகக் கட்டி, வாரந்தோறும் நீரை மாற்றுக. இன்றேல் தோட்டம் வளருமுன் கொசு வளரும்.

ஆறாம் பாடம்: வேலைப் பங்கீடு

தோட்டம் குடும்பத்துக்கு இன்பம் தர வேண்டுமேயன்றி, ஏற்கெனவே குடம் சுமக்கும் பெண்ணின் தலையில் மேலும் ஒரு குடமாகிவிடலாகாது. தொடங்குமுன் யார் எது செய்வர் என்று எழுதிச் சுவரில் ஒட்டுக. எம் இல்லத்தில் காலை நீர் எம் பொறுப்பு. துறைமுகத்தில் இரவுப் பணி முடித்து வந்தாலும் அது தவறுவதில்லை. மாலைத் தெளிப்பும் புழு பொறுக்குதலும் அன்னையார் பொறுப்பு. பறித்தலும் கணக்கும் துணைவியார் பொறுப்பு. தேர்வு முடிந்து விடுமுறையிலிருக்கும் எம் மூத்த பெண் விதை முளைத்த நாள், பூத்த நாள், காய்த்த நாள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுகிறாள். மண்ணைத் தொட்டபின் கை கழுவுதல் மட்டும் அனைவர்க்கும் பொது.

பன்னிரண்டு பை ஒரு குடும்பத்தின் காய்கறித் தேவை முழுவதையும் தீர்க்காது. நாளொன்றுக்கு ஒருவர் 400 கிராமுக்குக் குறையாமல் காய்கனி உண்ண வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நம் பைகள் அதில் ஒரு சிறு பங்கையே தரும். எனினும் அச்சிறு பங்கு நாம் அறிந்த மண்ணிலிருந்தும் நாம் அறிந்த நீரிலிருந்தும் வருவது.

சங்கம் செய்யத் தக்கது

டி.டி.எஸ். மீட்டர் வீட்டுக்கொன்று தேவையில்லை, தெருவுக்கொன்று போதும். நார்க்கழிவும் உரமும் மொத்தமாக வாங்கினால் விலை குறையும். 1904இல் திருவல்லிக்கேணியில் அன்பர் சிலர் கூடி நகரக் கூட்டுறவுச் சங்கம் கண்டதும் இத்தகைய எளிய எண்ணத்தினாலேயே: தனித்து வாங்கின் ஏமாறுவோம், கூடி வாங்கின் நிறையும் தரமும் பெறுவோம். உழவர் உறுப்பினர் விதையும் மக்கிய உரமும் தரலாம்; நெசவாளர் உறுப்பினர் நூற்றிரியும் நிழற்றுணியும் தரலாம். நீர், மண் அளவுகளைத் தெருவாரியாகக் குறித்து வைத்தால், நாளை அதிகாரிகளிடம் முறையிட நேரும்பொழுது வெறும் புலம்பலாக இன்றி எண்ணோடு பேசலாம்.

முடிவுரை

எம் இல்லக் கதையை முடிக்க வேண்டுமன்றோ? மூன்றாம் நாள் காலை அன்னையார் கொல்லைக்குச் சென்று அக்கீரை முழுவதையும் தம் கையாலேயே பிடுங்கினார். நாம் தடுக்கவில்லை, உடன் நின்று பிடுங்கினோம். "மண் மேல் தப்பில்லை" என்று மட்டும் அவர் கூறினார். ஆம், மண் மேல் தவறில்லை.

அடுத்த பங்குனியில் மாடியில் பன்னிரண்டு பைகள் வைத்தோம். முதல் கீரையைப் பறித்து அலசி மசித்துக் குழந்தைக்கு ஊட்டியவர் எம் துணைவியார். அருகே அமர்ந்து பார்த்தவர் அன்னையார். கொல்லை நிலத்தை வெறுமையாக விட அவருக்கு மனம் வரவில்லை. திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலின் தலமரம் மகிழ மரம் அன்றோ? அம்மரத்தின் கன்று ஒன்றை வாங்கி வந்து அங்கே நட்டார். அதைச் சுற்றிப் புல் படர்ந்துள்ளது. அது பூத்து உதிர இன்னும் சில ஆண்டு ஆகும். அதுவரை அன்றாடம் மாலை, அரிசி களைந்த நீரில் ஒரு செம்பு அதற்கும் செல்கிறது.

படிப்பு வட்டத்துக்கான வினாக்கள்

1. பயிர் செழித்திருத்தல் மண்ணின் தூய்மைக்குச் சான்றாகாது, ஏன்?

2. உங்கள் வீட்டில் வரும் நீர்வகைகள் எத்தனை? ஒவ்வொன்றின் உப்பளவு என்ன? அளந்து எழுதுக.

3. நாளொன்றுக்கு 10 லிட்டர் நீரே மிஞ்சும் குடும்பம் எத்தனை பை வைக்கலாம்?

4. பச்சைப் பருத்தி நூல் திரியாகப் பயன்படாததன் காரணம் யாது? அதைத் திருத்தும் முறை யாது?

5. உங்கள் தெருவில் உண்பொருள் விதைக்கத் தகாத இடங்கள் எவை? அங்கே எவ்வகைச் செடி வைக்கலாம்?

6. உங்கள் இல்லத்தில் தோட்ட வேலையை எவ்வாறு பங்கிடுவீர்? குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து பேசி விடை எழுதுக.